வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளுக்கான மின்வளத் தொகுப்பைத் தயாரித்து விற்பது எப்படி?

அமெரிக்காவிலும் கனடாவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் சனி, ஞாயிறுகளில் நடக்கும் தமிழ்ப் பள்ளிகளில் பாடம் நடத்துபவர்களுள் பலர் தொழில்முறை ஆசிரியர்கள் அல்லர். வாரம் முழுவதும் வேறு வேலை பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை இரவு மடிக்கணினியைத் திறந்து, நாளைய வகுப்புக்கு என்ன கொண்டுபோவது என்று தேடும் பெற்றோர்களே அவர்கள். தேடினால் கிடைக்காமல் போவதில்லை. கதைகள், பாடல்கள், எழுத்துப் பயிற்சித் தாள்கள், படங்கள் எல்லாம் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. வீட்டில் பேசும் தமிழ் புரிந்தும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும் எட்டு வயதுக் குழந்தைக்கு இவற்றுள் எது பொருந்தும், இருபது நிமிடத்தில் எதை முடிக்க முடியும், இதற்குப் பின் எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதைத்தான் எந்தத் தளமும் சொல்வதில்லை. அதைச் சொல்லத் தெரிந்தவர் அந்த வேலைக்கு விலை வைக்கலாம். கதை, படம், பயிற்சித் தாள் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தி, குறிப்போடு கோப்புகளாகத் தருவதே மின்வளத் தொகுப்பு; அதை விற்பதன் அடிப்படை இவ்வளவுதான்.

இந்த வழிகாட்டியில் தமிழ்ப் பள்ளித் தொகுப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டே எல்லாவற்றையும் விளக்குகிறேன். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், அச்சக வடிவமைப்பாளர்கள், சிறு உணவகம் நடத்துபவர்கள் என வேறு எந்தக் கூட்டத்தாருக்குத் தொகுத்தாலும் முறை பெரிதாக மாறாது.

முதலில் தவிர்க்க வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘ஐயாயிரம் பிடிஎஃப் கோப்புகள், விலை 99 ரூபாய்’ என்ற வகை விளம்பரங்கள் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் நாள்தோறும் வலம் வருகின்றன. அவற்றுள் பெரும்பகுதி பிறருடைய நூல்களை ஸ்கேன் செய்த படிகள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 63ஆம் பிரிவு, தெரிந்தே பதிப்புரிமையை மீறுபவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் ஐம்பதாயிரம் முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், ஐயாயிரம் கோப்புகளை வாங்கியவர் மறுபடியும் தேடத்தான் வேண்டியிருக்கிறது. அவர் இரண்டாம் முறை அந்த விற்பனையாளரிடம் வருவதற்குக் காரணமே இல்லை.

யாருக்கு, எதற்கு என்பதைக் குறுக்குதல்

‘தமிழ் கற்பிப்போருக்கான வளங்கள்’ என்று தொடங்கினால் வேலைக்கு எல்லையே இராது. ‘ஏழு முதல் ஒன்பது வயது வரையுள்ள, எழுத்துகளை ஓரளவு அறிந்த, வாக்கியமாகப் படிக்கத் திணறும் குழந்தைகளுக்கு, வாரம் ஒரு வகுப்பாக முப்பது வாரங்களுக்குத் தேவையானவை’ என்று வரையறுத்துக்கொண்டால், எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்பதை அந்த ஒரு வாக்கியமே தீர்மானித்துவிடும். வரையறை குறுகக் குறுக வாங்குபவர்களின் எண்ணிக்கை குறையும் என்று அஞ்சத் தோன்றும். ஆனால் பரந்த தொகுப்பைப் பார்ப்பவர் ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். தம் வகுப்பையே பார்த்து எழுதியது போன்ற தொகுப்பைக் கண்டவர்தான் வாங்குவார்.

வாங்குபவர் எந்த ஊர்த் தமிழ் பேசுபவர் என்பதையும் இக்கட்டத்திலேயே முடிவு செய்ய வேண்டும். டொரொன்டோவிலும் இலண்டனிலும் உள்ள வகுப்புகளில் ஈழத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பார்கள். நாற்காலியை வீட்டில் ‘கதிரை’ என்றும் சோப்பைச் ‘சவர்க்காரம்’ என்றும் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு, தமிழ்நாட்டுச் சொற்களை மட்டும் கொண்ட பயிற்சித் தாள் பாதி அந்நியமாகவே இருக்கும். இரண்டு வழக்குகளையும் ஆசிரியர் குறிப்பில் அருகருகே கொடுத்தால் போதும். கூடுதல் உழைப்பு சிறிது, அதனால் கிடைக்கும் நம்பிக்கை பெரிது.

எங்கிருந்து எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது

இந்தத் தொழிலில் ஒருவர் உண்மையாகக் கற்க வேண்டியது உரிமங்களைப் படிப்பதே. ‘இலவசமாகப் பார்க்கலாம்’, ‘இலவசமாகப் பகிரலாம்’, ‘விற்பனைக்கும் பயன்படுத்தலாம்’ ஆகிய மூன்றும் வெவ்வேறு அனுமதிகள். விற்பவருக்கு மூன்றாவது மட்டுமே பயன்படும்.

கதைகளுக்கு நல்ல ஊற்று, பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம். அங்குள்ள தமிழ்க் கதைகளுள் பெரும்பாலானவை, படைப்பாளியே சில நிபந்தனைகளோடு எல்லோருக்கும் முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களுள் ஒன்றான பிஒய் 4.0இல் வெளியாகின்றன. எழுதியவர், ஓவியர், மொழிபெயர்ப்பாளர், மூலம், உரிமம் ஆகியவற்றைக் குறிப்பிட்டால் விற்கும் தொகுப்பிலும் சேர்க்கலாம். வாசிப்பு நிலை வாரியாகக் கதைகளைப் பிரித்திருப்பது கூடுதல் வசதி. ஆனால் முதல் நிலை என்று குறித்திருப்பதாலேயே வெளிநாட்டில் வளரும் குழந்தைக்கு அது எளிது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மொழிபெயர்ப்பில் வந்த சில கதைகளில் சொற்கள் குறைவாக இருந்தாலும் நடை கரடுமுரடாக இருக்கும். ஒவ்வொன்றையும் உரக்கப் படித்துப் பார்த்து, நாக்கு தடுக்கும் கதையை இரக்கமின்றித் தள்ளிவிட வேண்டும்.

படங்களுக்கு விக்கிமீடியா காமன்ஸ் என்ற திறந்த உரிமப் படக் களஞ்சியம் போதும். வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமம் மட்டும் கொண்ட கோப்புகளை அத்தளம் ஏற்பதில்லை என்பதால் பாதிக் கவலை தீர்ந்துவிடுகிறது. படைப்பாளியின் பெயரைக் குறிப்பிடுவது உள்ளிட்ட நிபந்தனைகளை மட்டும் கோப்புக்குக் கோப்பு பார்த்துக்கொள்ள வேண்டும். எழுத்துருக்களுக்குக் கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், முக்தா மலர், மீரா இனிமை போன்றவை திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கின்றன. அவற்றை ஆவணத்தில் பதித்து விற்கலாம். எழுத்துருக் கோப்பை மட்டும் தனிப் பண்டமாக விற்பதை அந்த உரிமம் தடுக்கிறது. கேன்வா என்ற இணைய வடிவமைப்புத் தளத்தில் கிடைக்கும் ஓவியத்தையும் அப்படியே தனிப் படமாக எடுத்து விற்க முடியாது; நீங்கள் வடிவமைத்த பயிற்சித் தாளில் ஓர் உறுப்பாக அது இடம்பெறலாம்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் நான்கு குறிகளை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். பிஒய் என்றால் பெயர் குறிப்பிட வேண்டும். எஸ்ஏ என்றால், அப்படைப்பை மாற்றி எழுதினால் மாற்றிய வடிவத்தையும் அதே உரிமத்தில் தர வேண்டும்; மாற்றாமல் பிற ஆக்கங்களுடன் சேர்த்துத் தொகுத்தால் உங்கள் முழுத் தொகுப்பையும் அது கட்டுப்படுத்தாது. என்டி என்றால் மாற்றக் கூடாது. கதையைச் சுருக்குவதும் ஒரு மாற்றமே. என்சி என்றால் வணிகப் பயன்பாடு கூடாது; விற்கும் தொகுப்பில் அதற்கு இடமில்லை. தமிழ் மின்னூல்களை இலவசமாகத் தரும் தளங்களில் நூலுக்கு நூல் உரிமம் வேறுபடக்கூடும். தளத்தின் பொதுவான பெயரை நம்பாமல் அந்தந்த நூலின் உரிமப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ள ஆக்கத்தை உங்களிடமிருந்து பெறுபவர், உரிமம் தரும் சுதந்திரத்தைப் பயன்படுத்த முடியாதபடி நீங்கள் அதற்குத் தொழில்நுட்பப் பூட்டுப் போடக் கூடாது. எனவே பிறருடைய திறந்த உரிமக் கதைகளைத் தனிக் கோப்புறையில் பூட்டின்றி வைத்துவிட்டு, உங்கள் சொந்தக் குறிப்புகளையும் பயிற்சித் தாள்களையும் வேறு கோப்பாகத் தருவதே சிக்கலற்ற வழி.

பழந்தமிழ் நூல்களுக்கும் காலம் கடந்த படைப்புகளுக்கும் வேறு கணக்கு. இந்தியாவில் ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து அறுபது ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். ஆத்திசூடிக்கும் திருக்குறளுக்கும் தடை ஏதுமில்லை. 1921இல் மறைந்த பாரதியின் ‘பாப்பாப் பாட்டு’க்கும் இல்லை. 1954இல் மறைந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் பாடல்கள் இந்தியச் சட்டப்படி 2015இலும், எழுபது ஆண்டுக் கணக்கைப் பின்பற்றும் நாடுகளில் பார்த்தாலும் 2025இலும் பொதுவுடைமை, அதாவது யாரும் அனுமதியின்றிப் பயன்படுத்தக்கூடியவை, ஆகிவிட்டன. அமெரிக்கக் கணக்கு வேறு வகையானது. பழைய நூல்களுக்கு அங்கே ஆசிரியர் மறைந்த ஆண்டைவிட நூல் வெளியான ஆண்டே பெரும்பாலும் அளவுகோல் என்பதால், அமெரிக்கப் பள்ளிகளுக்கு விற்பவர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிப் பாடல்களைத் தொடாமல் விடுவது நல்லது. நூலின் சொற்கள் பொதுவுடைமை என்பதால் அதன் உரையும் ஒலிப்பதிவும் பொதுவுடைமை ஆகிவிடா. குறள் யாருக்கும் சொந்தமில்லை என்றாலும் அண்மைக் கால உரை உரையாசிரியருக்குச் சொந்தம்; பாரதி பாட்டை ஒரு பாடகர் பாடிய பதிவு அதைத் தயாரித்தவருக்குச் சொந்தம். ஒலி தேவையென்றால் நீங்களே படித்துப் பதிவு செய்யுங்கள். கைப்பேசியும் அமைதியான அறையும் அதற்குப் போதும்.

தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளைப் பயன்படுத்துபவர், முகப்புப் பக்கத்தை நீக்காமல் கோப்பைப் பகிர வேண்டும் என்ற அதன் நிபந்தனையை மதிக்க வேண்டும். யூடியூப் காணொளிகளைப் பதிவிறக்கித் தொகுப்பில் சேர்க்கக் கூடாது; இணைப்பைத் தரலாம். பள்ளிப் பாடநூல்களின் பக்கங்களையும் அப்படியே எடுத்துவிடக் கூடாது. ‘இந்த நூலின் இந்தப் பாடத்தைப் பாருங்கள்’ என்று சுட்டுவதற்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை. போட்டித் தேர்வுத் தொகுப்பு செய்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். தேர்வு வினாத்தாள்களுக்குப் பதிப்புரிமை உண்டு என்று இலண்டன் பல்கலைக்கழக வினாத்தாள் வழக்கில் ஆங்கில நீதிமன்றம் 1916இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. பழைய வினாத்தாள்களைக் கட்டி விற்பதைவிட, எந்த ஆண்டின் எத்தனையாவது வினா எந்தப் பாடப்பகுதியிலிருந்து வந்தது என்ற அட்டவணையை உருவாக்கி விற்பது பாதுகாப்பானது. படிப்பவருக்கு அதுவே கூடுதலாகப் பயன்படும்.

எடுக்கும் ஒவ்வொன்றுக்கும் பெயர், ஆக்கியவர், மூல முகவரி, உரிமம், எடுத்த நாள், செய்த மாற்றம் ஆகியவற்றைக் கூகுள் ஷீட் ஒன்றில் அப்போதைக்கப்போது எழுதிவிடுங்கள். எல்லாம் முடிந்தபின் எழுதலாம் என்று விட்டால், எந்த யானைப் படம் எங்கிருந்து வந்தது என்று தேடுவதிலேயே ஒரு வாரம் போய்விடும். அதே பதிவேடுதான் இறுதியில் தொகுப்பின் நன்றிக் குறிப்புப் பக்கமாக மாறும்.

உங்கள் உரிமை எதில் இருக்கிறது?

பிறர் ஆக்கங்களைத் தொகுத்தவருக்கு என்ன சொந்தம் என்ற கேள்வி நியாயமானது. இந்தியச் சட்டம் ‘இலக்கியப் படைப்பு’ என்பதற்குள் தொகுப்புகளையும் கணினித் தரவுத்தளங்களையும் சேர்க்கிறது. நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் ஈஸ்டர்ன் புக் கம்பெனி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் அளித்த தீர்ப்பு, வெறும் உழைப்பும் செலவும் மட்டும் ஒன்றைப் படைப்பாக்கிவிடா என்றும், தேர்விலும் அமைப்பிலும் திறமையும் முடிவெடுக்கும் ஆற்றலும் ஓரளவு படைப்புத்தன்மையும் தெரிய வேண்டும் என்றும் கூறியது. நீதிமன்றத் தீர்ப்புகளின் மூல வாசகத்துக்கு அந்த நிறுவனம் உரிமை கோர முடியவில்லை. தீர்ப்பின் சாரத்தைச் சொல்லித் தானே எழுதிய தலைப்புக் குறிப்புகள் போன்றவற்றுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. நம் தொழிலுக்கு இதன் பொருள் தெளிவானது. கதைகள் உங்களுடையவை அல்ல. வரிசையும் குறிப்பும் பயிற்சியும் உங்களுடையவை. ஆகவே உழைப்பை அங்கேதான் கொட்ட வேண்டும்.

வரிசை என்பதை மேலோட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அ, ஆ, இ என்று நெடுங்கணக்கைப் பின்பற்றுவது ஒரு முறை. கோடு போல எழுதக்கூடிய ட, ப ஆகியவற்றில் தொடங்கி, அடுத்து ம சேர்த்து, புள்ளியை அறிமுகப்படுத்தி, மூன்றே எழுத்துகளில் ‘படம்’, ‘பட்டம்’, ‘மடம்’ ஆகியவற்றைப் படிக்கவைப்பது இன்னொரு முறை. வார இறுதி வகுப்புக்கு இரண்டாவதே பொருந்தும் என்பது என் கருத்து. வாரத்துக்கு ஒரு முறை வரும் குழந்தை, முதல் மாதத்திலேயே ஒரு முழுச் சொல்லைத் தானாகப் படித்துவிட்டால்தான் அடுத்த மாதம் விருப்பத்தோடு வரும். இப்படி ஒரு நிலைப்பாட்டை எடுத்து, அதற்கேற்பக் கதைகளையும் படங்களையும் அடுக்கினால் தொகுப்புக்கு ஒரு குணம் வந்துவிடும்.

ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரே பக்கத்தில் ஓர் ஆசிரியர் குறிப்பு வேண்டும்: அன்றைய நோக்கம், ஐந்து புதுச் சொற்கள், படிக்க வேண்டிய கதை, கேட்க வேண்டிய மூன்று கேள்விகள், கையால் செய்யும் ஒரு செயல், வீட்டுப் பாடம், ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரம். இரண்டாம் பக்கத்துக்குப் போனால் வெள்ளிக்கிழமை இரவு யாரும் படிக்க மாட்டார்கள். குறிப்பை எழுதி முடித்ததும், உங்களுக்கு அறிமுகமில்லாத ஓர் ஆசிரியரிடம் நான்கு வகுப்புகளுக்கானதைக் கொடுத்து நடத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பகுதியை அவர் கேட்காமலே விட்டுவிட்டார் என்பதைத் தெரிந்துகொள்வது, அவர் சொல்லும் பாராட்டைவிடப் பயன் தரும்.

கோப்பு வடிவம்

உரை முழுவதும் ஒருங்குறியில் (யூனிகோடு) இருக்க வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் தட்டியதை வாங்குபவர் நகலெடுத்தால் குப்பையாகத்தான் வரும், தேடவும் முடியாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் அச்சுத்தாள் ஏ4 அளவில் இருப்பதில்லை; அங்கே எட்டரைக்குப் பதினொன்று அங்குல லெட்டர் தாள்தான். ஒவ்வொரு பயிற்சித் தாளையும் இரண்டு அளவிலும் தர வேண்டும். வீட்டு அச்சுப்பொறியில் மையைக் குடிக்காத கறுப்பு வெள்ளை வடிவம் ஒன்றையும் சேர்த்தால் வாங்கியவர் நன்றி சொல்வார். கோப்புப் பெயர்கள் ‘வகுப்பு 01’, ‘வகுப்பு 02’ என்று எண்ணில் தொடங்கட்டும்.

விலையும் விற்குமிடமும்

கோப்பின் எண்ணிக்கையைக் கொண்டு விலை வைக்காமல், வாங்குபவருக்கு மிச்சமாகும் நேரத்தைக் கொண்டு வைக்க வேண்டும். மிகக் குறைந்த விலை, கட்டணங்களால் இன்னும் குறைந்துபோகும். எடுத்துக்காட்டாக, மின்கோப்புகளை விற்க உதவும் கம்ரோடு தளம் நேரடி இணைப்பின் வழி நடக்கும் ஒவ்வொரு விற்பனைக்கும், அட்டைச் செலுத்துகைக் கட்டணம் நீங்கலாகவே, பத்து சதவீதமும் ஐம்பது சென்டும் எடுத்துக்கொள்கிறது. ஐந்து டாலர் தொகுப்பில் இது ஒரு டாலர், அதாவது இருபது சதவீதம். இருபது டாலர் தொகுப்பில் இரண்டரை டாலர், பன்னிரண்டரை சதவீதம். அத்தளத்தின் சொந்தச் சந்தைப் பகுதியிலிருந்து வாங்குபவர் வந்தால் முப்பது சதவீதம் போய்விடும். மறுபக்கம், 2025 முதல் கம்ரோடே சட்டப்படியான விற்பனையாளராக இருந்து பல நாடுகளின் விற்பனை வரியைத் தானே வசூலித்துக் கட்டுகிறது. சென்னையில் இருந்துகொண்டு ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் உள்ளவர்களுக்கு விற்பவர் அந்தத் தலைவலி இல்லாமல் போவதற்கு இந்தக் கட்டணத்தைக் கொடுக்கலாம் என்றே நினைக்கிறேன்.

இந்தியாவுக்குள் விற்க ரேசர்பே போன்ற தளத்தின் கட்டண இணைப்பு போதும்; யுபிஐ வழியாகவே பெரும்பாலோர் செலுத்துவார்கள். பேபால் 2021 ஏப்ரல் முதல் இந்தியாவுக்குள்ளான பணப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டதால், வெளிநாட்டிலிருந்து பணம் பெற மட்டுமே உதவும்.

தனி ஆசிரியருக்கு ஒரு விலை, பள்ளி முழுமைக்கும் ஒரு விலை என இரண்டு வைப்பது அவசியம். தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கும். ஒருவர் வாங்கிய கோப்பு அதில் போடப்படும். அதைத் தடுக்க முயல்வதைவிட, பள்ளி உரிமத்தை ஆறு ஆசிரியர் விலைக்கு வைத்து, தனி உரிமத்தில் விற்கும் தொகுப்பின் முதல் பக்கத்திலேயே இருவகை உரிமத்தையும் எளிய சொற்களில் எழுதிவிடுங்கள். கோப்பு கைமாறிச் சென்ற பள்ளியின் முதல்வர் அதைப் பார்த்துவிட்டுப் பள்ளி உரிமம் கேட்டு எழுதுவதும் உண்டு.

விளம்பரத்துக்குச் செலவிடுவதற்கு முன், முதல் நான்கு வகுப்புகளை முழுமையாக இலவசமாகத் தந்துவிடுங்கள். முழுமையாக என்றால் குறிப்பு, கதை, பயிற்சித் தாள் அனைத்தும். அமெரிக்கப் பள்ளிகள் பெரும்பாலும் ஆகஸ்டு இறுதியிலோ செப்டம்பரிலோ தொடங்குவதால், ஜூன், ஜூலையில் பள்ளி முதல்வர்களுக்கு எழுத வேண்டும். ஆஸ்திரேலியாவில் கல்வியாண்டு சனவரி இறுதியில் தொடங்கும்; அங்கே நவம்பரில் எழுதலாம். தொலைபேசி எண், மின்னஞ்சல் பட்டியல்களை விலைக்கு வாங்கி அனுப்புவது வேண்டாம். அப்படிப்பட்ட பட்டியலையே தொகுப்பாக்கி விற்கும் எண்ணம் இருந்தால் அதையும் கைவிடுங்கள். பிறர் தனித்தகவலை வணிகப் பொருளாக்குவது வேறு வகைச் சட்டச் சிக்கல்.

வருமானத்தைப் பற்றி ஒரு கணக்கு. இருபது டாலருக்கு நாற்பது ஆசிரியர்கள் வாங்கினால் எண்ணூறு டாலர். மேற்சொன்ன கட்டணம் நூறு டாலர் போக எழுநூறு; அட்டைச் செலுத்துகைக் கட்டணமும் கழிந்தால் அதைவிடக் குறைவாகவே நிற்கும். ஓர் ஆண்டு வருமானமாகப் பார்த்தால் இது ஒரு வேலையின் சம்பளத்துக்கு ஈடாகாது. அடுத்த வயதினருக்கு ஒரு தொகுப்பு, பெற்றோர் வீட்டில் பயன்படுத்த ஒன்று என மூன்று நான்கு சேர்ந்து, பள்ளி உரிமங்களும் வரத் தொடங்கிய பிறகே இது துணை வருமானம் என்று சொல்லத்தக்க நிலையை எட்டும். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விற்றபின் செய்ய வேண்டியவை

இணைப்புகள் செத்துக்கொண்டே இருக்கும். கல்வியாண்டு தொடங்கும் முன் எல்லா இணைப்புகளையும் ஒருமுறை திறந்து பார்த்து, போனவற்றுக்கு மாற்று வைத்து, கோப்பின் பெயரில் ஆண்டைச் சேர்த்துப் புதுப் பதிப்பாக வெளியிடுங்கள். பழைய வாங்குபவர்களுக்கு அந்த ஆண்டுப் பதிப்பை இலவசமாக அனுப்புவது வீண் செலவு அல்ல. அடுத்த தொகுப்பை முதலில் வாங்குபவர்கள் அவர்களே. உரிமம் மாறியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்க்க வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை ஒருமுறை கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது என்றாலும், நீங்கள் எடுத்த நாளில் எந்த உரிமம் இருந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும். இணையக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமித்து வைப்பது எளிய ஆதாரம்.

வரியைப் பொறுத்தவரை, இந்தியாவில் வசிப்பவருக்கு இவ்வருமானம் தொழில் வருமானம். சிறு தொழில்களுக்கான அனுமான வருமான முறையை (வரவின் ஒரு பங்கையே இலாபமாகக் கொள்ளும் முறை) தேர்ந்தெடுத்தால், வங்கி வழியாகவும் மின்னணு முறையிலும் பெற்ற வரவில் குறைந்தது ஆறு சதவீதத்தை இலாபமாகக் காட்டலாம். சேவை அளிப்பவரின் மொத்த ஆண்டு வரவு இருபது இலட்சம் ரூபாயைத் தாண்டும் வரை தமிழ்நாட்டில் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. வெளிநாட்டுத் தளத்துக்கு நீங்கள் கட்டும் கட்டணத்தின் மீது வரிப்பொறுப்பு எழுமா என்பதைத் தணிக்கையாளரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவான கேள்வியாகக் கேட்டால் இந்த ஒன்று விடுபட்டுப் போகும். தளத்தின் மாதாந்தர விற்பனை அறிக்கையையும், வங்கிக்கு வந்த தொகையையும், அன்றைய டாலர் மாற்று மதிப்பையும் ஒரே தாளில் மாதாமாதம் பதிந்து வந்தால், மார்ச் மாதக் கணக்கு முடிக்கும்போது அவரிடம் கொடுக்க அந்த ஒரு தாளே போதும்.